எல்லாவற்றுக்கும் ஆயிரமா?

எங்கள் பள்ளியின் ஆண்டுத் திட்டத்தை மைக்ரோசாப்ட் புராஜெக்டில் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. "ஆசிரியருக்கு எதற்கு இந்த வேலை?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இருநூறு பணிகளைப் பன்னிரண்டு ஆசிரியர்களுக்குப் பகிர்ந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அம்மென்பொருளில் ஒவ்வொரு பணிக்கும் 0 முதல் 1000 வரை முன்னுரிமை எண் உண்டு. நாம் மாற்றாதவரை அது 500. ஒரே ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பணிகள் விழுந்தால், முன்னுரிமையை முதலில் பார்க்குமாறு அமைத்திருக்கும் நிலையில், சமன்செய்யும் கட்டளை குறைந்த எண்ணுடைய பணியைத் தள்ளிப்போடும். 1000 பெற்ற பணியை அது தொடவே தொடாது.

கையால் எண்ணிட்டு அலுத்துப்போய், விஷுவல் பேசிக்கில் ஒரு குறுநிரல் எழுதினேன். பெயரில் 'தேர்வு', 'போட்டி' என்னும் சொற்கள் இருந்தால் 1000 இடு என்பதே அதன் சாரம். (முதல்முறை பாதியில் நின்றுவிட்டது. அட்டவணையின் வெற்று வரியில் பணி என்று எதுவும் இராது. அதைச் சோதித்த பின்னரே எண்ணைத் தொட வேண்டும். இதைக் கண்டறிய அரைநாள் போயிற்று!)

பிறகு எல்லாம் நொடியில் முடிந்தது, பூரித்துப்போனேன். மூன்று வாரங்கள் கழித்தே கவனித்தேன். 500இல் நின்ற குறைநீக்கல் வாசிப்பு வகுப்பு, போட்டி ஒத்திகைகளுக்கு வழிவிட்டு அடுத்த மாதத்திற்கு நகர்ந்திருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் ஐந்து முதலாமாண்டு மாணவர்கள் மூன்று வாரங்களை இழந்துவிட்டனர். எவரும் முறையிடவில்லை. அவர்தம் பெற்றோர் பள்ளிக்கு வந்து முறையிடும் பழக்கம் உடையவர்கள் அல்லர்.

நிரல் சொன்னதைச் செய்தது. ஒரு பணியின் மதிப்பை அதன் பெயரிலுள்ள சொல்லைக் கொண்டு அளக்கச் சொன்னது நானே. எனவே, 1000 என்னும் எண்ணை நிரல் இடவே கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு குழுவும் தன் நிகழ்ச்சிக்கு ஆயிரம் கேட்கிறது. இரண்டு ஆயிரங்கள் ஒரே ஆசிரியர் தலையில் மோதினால் மென்பொருள் விலகி நின்றுகொள்ளும். சுமப்பவர் அந்த ஆசிரியர்.

இப்போது என் நிரல், பழைய எண்ணை வேறொரு நெடுவரிசையில் சேமித்துவிட்டே புதியதை இடுகிறது. ஒரு வாரத்திற்கு மேல் நகர்ந்த பணிகளையும் பட்டியலிடுகிறது. அப்பட்டியலை ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கிறேன். கூட்டம் நீள்கிறது, நீளட்டும்.

வாசிப்பு வகுப்புக்கு இப்போது 900. போட்டிக் குழுவினர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.