ஹெட்லைட் மங்கலா எரியுதா? புது பல்பு வாங்கும் முன் இதைப் பாருங்க!

பர்கூரில் இரவு பத்து மணிக்கு மேல் பைக் எடுப்பவர்களுக்கு இரண்டு விதமான சாலைகள். ஒன்று, சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. கன்டெய்னர் லாரி, கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லர், ஆம்னி பஸ் என்று விடிய விடிய இரைச்சலும் வெளிச்சமும்தான். இன்னொன்று, அங்கிருந்து ஜெகதேவி, போச்சம்பள்ளி, வரட்டனப்பள்ளி என்று கிராமங்களை நோக்கிப் பிரியும் சாலைகள். ஊரைத் தாண்டியதும் தெருவிளக்கு முடிந்துவிடும். அதன் பிறகு வண்டியின் ஹெட்லைட் மட்டும்தான் துணை.

சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருபவர், ஜவுளிக் கடையை அடைத்துவிட்டுக் கிளம்புபவர், நைட் பஸ்ஸில் வரும் பிள்ளையை அழைத்துவரப் போகிற அப்பா என்று எல்லோரும் நம்பியிருப்பது அந்த ஒரு விளக்கைத்தான். அது மங்கிவிட்டால் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், பளிச்சென்று எரியும் எல்.இ.டி பல்பு ஒன்றை வாங்கி மாட்டிவிடுவது வழக்கம். ஆனால், பல வண்டிகளில் கோளாறு பல்பில் இருப்பதே இல்லை.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 75,000 பேர் டூவீலரில் சென்றவர்கள். மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு நடந்திருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டமும் இருட்டும் ஒன்றாகச் சேர்கிற நேரம் அது.

இதில் ஹெட்லைட்டுக்கு என்ன பங்கு? 60 கி.மீ வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஏதோ கிடக்கிறது என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் நிற்க, காய்ந்த சாலையில்கூட இன்னொரு 28 மீட்டர் வேண்டும். மொத்தம் 53 மீட்டர். இதுவே 40 கி.மீ வேகம் என்றால் 29 மீட்டர் போதும். 80 கி.மீ என்றால் 83 மீட்டர்.

வண்டியின் வெளிச்சம் 30 மீட்டர்தான் எட்டுகிறது, வேகமோ 60 கி.மீ என்றால், கடைசி 23 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறோம் என்றே அர்த்தம். அந்த 23 மீட்டரில் பெயின்ட் அழிந்த வேகத்தடை இருக்கலாம். தை மாதம் என்றால் காயப்போட்ட கேழ்வரகுக் கதிரோ கொள்ளுச் செடியோ, அதைச் சுற்றி அடுக்கிவைத்த கற்களோ கிடக்கலாம். டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கலாம்.

வீட்டு பல்பைவிடக் குறைச்சல்தான்!

சாதாரண பைக்குகளில் வரும் ஹாலஜன் பல்பு 35/35 வாட். ஹெச்.எஸ்.1 என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதைத்தான். லோ பீமில் இது தரும் ஒளி சுமார் 525 லூமன். வீட்டு ஹாலில் எரியும் 9 வாட் எல்.இ.டி பல்பு இதைவிட அதிக ஒளி தரும். அவ்வளவு குறைந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு 50 மீட்டர் தூரம் பார்க்க வேண்டும் என்றால், அதில் கொஞ்சம்கூட வீணாகக் கூடாது. கண்ணாடியில் அழுக்கு, தவறான கோணம், பழைய வயரிங் என மூன்றும் சேர்ந்து அந்த வெளிச்சத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. எதிரில் வருபவர் கையை மூடித் திறந்து 'லைட் எரியுது' என்று சைகை காட்டிய காலம் அதோடு போயிற்று. பகலிலும் பல்பு எரிவதால் அதன் ஆயுளும் சீக்கிரம் கரைகிறது. கண்ணாடி கறுத்துப்போன ஹாலஜன் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளிச்சம் மட்டும் வராது. அப்படி இருந்தால் அதே வாட்டில் நல்ல நிறுவனத்தின் புது பல்பு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். மாற்றும்போது பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

அதோடு ஹெட்லைட் டூமையும் பாருங்கள். வெளிக்கண்ணாடியில் புழுதியும் பூச்சியும் படிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உள்ளே வெள்ளி போல மின்ன வேண்டிய ரிஃப்ளெக்டர் மங்கியோ உரிந்தோ இருந்தால், எந்த பல்பு போட்டாலும் பலன் இல்லை. டூமையே மாற்றுவதுதான் வழி.

செலவே இல்லாத வைத்தியம்

மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும் முன் ஒரு சுவரும் ஒரு டேப்பும் போதும். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாக ஓட்டுபவர் சீட்டில் உட்கார வேண்டும். ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள்.

இப்போது லோ பீம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 செ.மீ கீழே விழ வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் எதிரில் வருபவரின் கண் கூசும். ரொம்பக் கீழே போனால் நமக்குச் சாலை தெரியாது.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஹெட்லைட் 90 செ.மீ உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் 7 செ.மீ கீழே விழும் வெளிச்சம், சாலையில் 64 மீட்டர் வரை எட்டும். அதுவே 20 செ.மீ கீழே விழுந்தால், 22 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். பல்பு அதேதான், கோணம்தான் வேறு. பெரும்பாலான வண்டிகளில் டூமின் அடியிலோ பக்கத்திலோ உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் இதைச் சரிசெய்துவிடலாம்.

பின்னால் ஆள் உட்கார்ந்தாலோ மூட்டை ஏற்றினாலோ வண்டியின் பின்பக்கம் அமுங்கி, வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். தினமும் இருவராகப் போகிறவர்கள், பின் ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்கிவிட்டு, இருவரும் உட்கார்ந்த நிலையிலேயே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

வயர் தின்னும் வெளிச்சம்

ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறைந்துவிடும். 10 சதவிகித வோல்டேஜ் குறைந்தால், வெளிச்சத்தில் சுமார் 30 சதவிகிதம் போய்விடும். பழைய வண்டிகளில் மெலிந்த வயர், தீய்ந்த டிம்-பிரைட் சுவிட்ச், துருப்பிடித்த எர்த், பச்சை பூத்த கப்ளர் என வழிநெடுகக் கசிவுதான்.

பேட்டரியிலிருந்து ஹெட்லைட் எரியும் வண்டி என்றால், மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் ஐந்து நிமிட வேலை. இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் ஒரு முறை, பல்பு ஹோல்டரில் ஒரு முறை வோல்டேஜ் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கோளாறு வயரிங்கில்தான். முதலில் கப்ளரையும் எர்த்தையும் சுத்தம் செய்யலாம். அப்படியும் தேறவில்லை என்றால், தரமான வயரும் ஃபியூஸும் உள்ள ரிலே கிட் போட்டால், பேட்டரி மின்சாரம் நேராக பல்புக்குப் போகும்.

ஆனால், எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஐடிலிங்கில் மங்கலாகவும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பளிச்சென்றும் எரிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் ஏ.சி லைட். மேக்னட் காயிலிலிருந்து நேராகக் கரன்ட் வருகிறது. பழைய 100 சிசி பைக்குகள் பலவும் இந்த ரகம். மேட்டில் செகண்ட் கியரில் ஏறும்போது வெளிச்சம் கூடிக் குறைவது இதனால்தான்.

இந்த வண்டிகளில் 60/55 வாட் ஹெச்4 பல்பைப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. காயிலின் சக்தி அவ்வளவுதான் என்பதால் வோல்டேஜ் இறங்கி, பல்பு மஞ்சளாக மங்கும். ஹோல்டரும் சூட்டில் உருகலாம். சரி, லைட்டை மட்டும் பேட்டரிக்கு மாற்றிவிட்டால்? 35 வாட் பல்பு கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். சின்ன 2.5 ஏ.ஹெச் பேட்டரி, சார்ஜிங் சரியாக ஏறாவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. காயில், ஆர்.ஆர் யூனிட் இரண்டையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர் மட்டுமே தொட வேண்டிய வேலை இது.

எல்.இ.டி பல்பில் என்ன சிக்கல்?

கம்பெனியிலிருந்தே எல்.இ.டி ஹெட்லைட்டோடு வரும் வண்டிகளில், அதற்கென்றே லென்ஸும் ரிஃப்ளெக்டரும் வடிவமைத்திருப்பார்கள். சிக்கல், ஹாலஜன் டூமுக்குள் எல்.இ.டி பல்பைச் செருகும்போதுதான் வருகிறது. ஹாலஜன் பல்பில் ஒளி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய இழையிலிருந்து வருகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி சில்லுகள் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் சிதறும்.

அப்போது வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பட்டப்பகலாகத் தெரியும். ஓட்டுபவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால், கிட்டத்தில் வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் அடர்த்தியாகிவிடும். பளிச்சென்று இருப்பதும் தூரம் தெரிவதும் வேறு வேறு.

சிதறும் மீதி வெளிச்சம் போவது எதிரில் வருபவரின் கண்ணுக்கு. கண் கூசி, பழைய நிலைக்கு வர மூன்று நொடி ஆனாலும், 50 கி.மீ வேகத்தில் அவர் 40 மீட்டருக்கு மேல் குருட்டாம்போக்கில் வருகிறார். ஒற்றைத் தார்ச்சாலையில் அவர் வருவது நம்மை நோக்கித்தான்! அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வயதானவர்களுக்கு இரவில் கூச்சம் தெளியவும் அதிக நேரம் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, இரவில் 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்டும்படி விளக்கு இருக்க வேண்டும். அதே விதிகள், 8 மீட்டர் முன்னால் நிற்பவரின் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நமக்குத் தெரியவும் வேண்டும், எதிராளி கண் கூசவும் கூடாது.

கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஹேண்டில்பாரில் எல்.இ.டி பார் லைட் மாட்டும் முன் இதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டும்போது...

* எதிரில் வண்டி வந்தால் டிம் செய்யுங்கள். அவர் டிம் செய்யாவிட்டால், பதிலுக்கு ஹை பீம் போட வேண்டாம். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்கு மாற்றுங்கள்.

* நெடுஞ்சாலையின் நடுவில் வளர்க்கும் அரளிச் செடிகள் எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைக்கத்தான். யூ-டர்ன் தூரம் என்று ராங் சைடில் வந்தால், அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

* கறுப்பு வைசரும் கீறல் விழுந்த வைசரும் இரவுக்கு ஆகாது. கீறல் ஒவ்வொன்றும் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

* மார்கழிப் பனியில் ஓசூர் பக்கம் போகிறவர்கள் லோ பீமிலேயே ஓட்டுங்கள். ஹை பீம் பனியில் பட்டு, நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

* டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் எரிகின்றனவா என்று கிளம்பும் முன் பாருங்கள். பின்னால் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பின்னே வரும் லாரி டிரைவருக்கு நம்மை அடையாளம் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது கண்ணாடி, பல்பு, சுவர்ச் சோதனை, வயரிங் என்ற வரிசையில் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அன்று இரவே தெருவிளக்கு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, லோ பீம் எத்தனை அடி எடுத்துவைக்கும் தூரம் வரை தெரிகிறது என்று நடந்து பாருங்கள். சாதாரணமாக ஓர் அடி எடுத்துவைத்தால் முக்கால் மீட்டர். 40 அடிகள் வந்தால் 30 மீட்டர். அதாவது, அந்த வண்டிக்கு இரவு வேகம் 40 கி.மீ. லைட் சரியாகும் வரை அதற்கு மேல் முறுக்க வேண்டாம்!