வெள்ளைப் பாஷாணம் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தானது எப்படி? வேலூர் ஆய்வு சொல்வதும் சொல்லாததும்

ஆர்சனிக் என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, துப்பறியும் கதைகளில் பாலில் கலந்து கொடுக்கும் விஷம். இன்னொன்று, மேற்கு வங்கம், பீகார், வங்கதேசம் பக்கம் நிலத்தடி நீரில் கலந்து ஊர் ஊராக ஆட்களை நோயாளியாக்கிய நஞ்சு. இதன் வெள்ளைத் தூளுக்குத் தமிழில் பெயரே வெள்ளைப் பாஷாணம். இதே பொருளைத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ரத்தவியல் துறை, 1998 முதல் ஒரு வகை ரத்தப் புற்றுநோயாளிகளின் உடலில் சொட்டுச் சொட்டாக ஏற்றியது. அவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள்.

கேட்டவுடன் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணத் தோன்றும் செய்திதான். ஆனால் ஃபார்வர்டில் வராத பகுதிதான் இதில் முக்கியமானது.

அந்த நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏபிஎல். 1957-ல் நார்வே மருத்துவர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். நோய் வந்த சில வாரங்களிலேயே ரத்தம் கசிந்து நோயாளி இறந்துவிடுவார் என்பதே அப்போதைய நிலை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள் பல படிகளைத் தாண்டி முதிர வேண்டும். ஏபிஎல்-லில் அவை புரோமைலோசைட் என்ற படியிலேயே நின்றுவிடும். பத்தாம் வகுப்பிலேயே மொத்த ஸ்கூலும் தேங்கி நிற்பது மாதிரி. காரணம், 15-வது, 17-வது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான். அதனால் பிஎம்எல், ரார்-ஆல்ஃபா என்ற இரண்டு புரதங்கள் ஒட்டிப்போய் ஒரு கலப்புப் புரதம் உருவாகிறது. அதுதான் அணுக்களை வளரவிடாமல் தடுக்கிறது. தேங்கிப்போன இந்த அணுக்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடுகின்றன. ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்புகள், நிற்காத மாதவிடாய், கடைசியில் மூளையில் கசிவு. மற்ற மைலாய்டு ரத்தப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது இளம் வயதினரையும் நடுத்தர வயதினரையும் அதிகம் தாக்குகிறது. ‘வயசானவங்களுக்கு வர்றது’ என்று ஒதுக்க முடியாது.

ஆர்சனிக் இதற்குள் வந்தது சீனா வழியாக. 1970-களின் தொடக்கத்தில், ஹார்பின் நகர மருத்துவர் ஜாங் டிங்டாங்கும் சகாக்களும் ஒரு கிராமத்து வைத்தியக் கலவையை ஆராய்ந்தார்கள். அதில் ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், வேலை செய்வது ஆர்சனிக்தான் என்பது தெரிந்தது. 1980-களில் ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்தான ஏடிஆர்ஏ-வைக் கொடுத்து ஏபிஎல் நோயாளிகளைக் குணப்படுத்தினார். அந்தக் கலப்புப் புரதத்தின் ஒரு பாதியை ஏடிஆர்ஏ பிடிக்கிறது, மறு பாதியை ஆர்சனிக் பிடிக்கிறது. புரதம் சிதைந்துபோகிறது, தடை விலகுகிறது, அணுக்கள் முதிர்கின்றன.

ஆகவே ‘இந்தியர்கள் கண்டுபிடித்த மருந்து’ என்று போஸ்டர் அடிக்க வேண்டாம். வேலூரின் பங்கு வேறு, அதன் மதிப்பும் வேறு.

வேலூர் கேட்ட கேள்வி

90-களில் மேற்கத்திய நாடுகளின் வழக்கம், ஏடிஆர்ஏ-வோடு கடுமையான கீமோதெரபி சேர்த்துக் கொடுப்பது. நோய் திரும்பினால்தான் ஆர்சனிக். கீமோ கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி விழும், தொற்று வரும், வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை வேண்டும். மருத்துவச் செலவைக் குடும்பமே கையிலிருந்து கட்டும் நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. நிலத்தை விற்பார்கள், பாதியில் சிகிச்சையை விடுவார்கள். டாக்டர் விக்ரம் மேத்யூஸ் உள்ளிட்ட வேலூர் குழு கேட்ட கேள்வி எளிமையானது: முதல் நாளிலிருந்தே ஆர்சனிக்கை மட்டும் கொடுத்தால் என்ன?

பெரியவர்களுக்குத் தினம் 10 மில்லிகிராம், நோய் அடங்கும் வரை, அதிகபட்சம் 60 நாள். பிறகு ஒரு மாத இடைவெளி, மறுபடி நான்கு வாரம் மருந்து. அதற்குப் பின் இன்னொரு இடைவெளி விட்டு, மாதம் 10 நாள் வீதம் ஆறு மாதம். முதல் கட்டம் முடிந்ததும் நோயாளி வார்டில் தங்க வேண்டியதில்லை, வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போகலாம்.

2006-ல் ‘பிளட்’ ஆய்விதழில் முடிவு வெளியானது. 1998 முதல் 2004 வரை சேர்ந்த 72 பேரில் 62 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. கண்டறியும்போதே வெள்ளை அணுக்கள் 5,000-க்குக் கீழேயும் தட்டணுக்கள் 20,000-க்கு மேலேயும் இருந்த 22 பேர் தனிக் கதை. அவர்களில் அதுவரை யாரும் இறக்கவில்லை, யாருக்கும் நோய் திரும்பவுமில்லை. பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை, சரிசெய்யக் கூடியவை.

அந்த வெற்றியோடு குழு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை என்பதுதான் பாராட்ட வேண்டிய இடம். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2010-ல் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’யில் மறுபடி கணக்குச் சொன்னார்கள். முதல் கட்டுரையில் சுமார் 86 சதவீதமாக இருந்த உயிர்வாழ்வு, ஐந்தாண்டுக் கணக்கில் 74 சதவீதமாக இறங்கியிருந்தது. சிலருக்கு நோய் திரும்பியிருந்தது. முதல் நம்பரை மட்டும் பிரஸ் மீட்டில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் காலத்தில், இறங்கிய நம்பரையும் தங்கள் பெயரிலேயே அச்சில் போட்டது சின்ன விஷயம் இல்லை.

இதே ஆய்வுக்குப் பலவீனங்களும் உண்டு. ஒரே மருத்துவமனை. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. 72 என்பதும் பெரிய எண்ணிக்கை அல்ல. தெஹ்ரானில் இதேபோல ஆர்சனிக்கை மட்டும் கொடுத்துப் பார்த்த குழுவுக்கும் நல்ல பலன் கிடைத்ததால் நம்பிக்கை கூடியது. ஆனாலும் முறையாக ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2013-ல்தான் இத்தாலி, ஜெர்மனியிலிருந்து வந்தது. அபாயம் குறைந்த, நடுத்தர அபாயமுள்ள நோயாளிகளில் ஏடிஆர்ஏ-வும் ஆர்சனிக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் இரண்டாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 99 சதவீதம். ஏடிஆர்ஏ-வோடு கீமோ பெற்றவர்களில் 91. இன்று அந்தப் பிரிவினருக்கு உலகெங்கும் தரமான சிகிச்சை அந்த ஜோடிதான், ஆர்சனிக் மட்டும் அல்ல. கீமோ இல்லாமலே இந்த நோயைச் சமாளிக்கலாம் என்று பணம் குறைந்த ஊர்கள் முன்கூட்டியே காட்டியிருந்தன என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

பாஷாணம்னா பாஷாணம்தானே?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. பாஷாணங்களை மருந்தாகப் பேசும் சித்த மருத்துவ நூல்கள் உண்டு. ஐரோப்பாவிலும் 1786-ல் தாமஸ் ஃபவுலர் அறிமுகப்படுத்திய ஆர்சனிக் கரைசல் நூறாண்டுக்கு மேல் பல நோய்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதனால் ‘எல்லாம் அப்பவே தெரியும்’ என்று சொல்லி யாராவது பொடி விற்றால், ஒதுங்கிவிடுங்கள். ஆர்சனிக் இவ்வளவு திறமையாக வேலை செய்வது, பிஎம்எல்-ரார் ஆல்ஃபா என்ற குறிப்பிட்ட புரதம் இருக்கும் நோயில். மற்ற ரத்தப் புற்றுநோய்களுக்கு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. ஏபிஎல்-லிலும் இசிஜி, பொட்டாசியம், மக்னீசியம், கல்லீரல் எல்லாவற்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடிய மருந்து இது. முதிரத் தொடங்கிய அணுக்களே நுரையீரலில் நீர் கோக்க வைக்கும் ஆபத்தும் உண்டு. வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. அதை எந்த ஆய்வுக் கட்டுரையின் சதவீதமும் நேரடியாகக் காட்டாது. வேலூரின் 72 பேர் என்பது, வேலூர் வரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. அங்கே மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும்கூட ரயிலேறி வருகிறார்கள். வழியில் மூளையில் ரத்தம் கசிந்தவர், உள்ளூர் மருத்துவமனையில் ‘டெங்குவா இருக்கும்’ என்று இரண்டு நாள் வைக்கப்பட்டவர், இவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை. இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 1997 முதல் 2006 வரை ஏபிஎல் வந்த எல்லாப் பெரியவர்களையும் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, 29 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். மருந்து இருந்தும்தான்.

அதனால்தான் வழிகாட்டு நெறிமுறைகள், ஏபிஎல் என்று சந்தேகம் வந்த உடனேயே, மரபணுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஏடிஆர்ஏ-வைத் தொடங்கச் சொல்கின்றன. அது ஊசிகூட இல்லை, வாயில் போடும் கேப்சூல். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2015-ல் ஏடிஆர்ஏ-வையும் 2019-ல் ஆர்சனிக்கையும் சேர்த்துவிட்டது. பட்டியலில் இருப்பதும் இரவு 11 மணிக்கு மாவட்ட மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

புற்றுநோய்க்குப் புதுக் கட்டடம் அறிவிக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை. ரத்தக் கசிவோடு வரும் 25 வயதுப் பெண்ணின் ரத்தத் துளியை அன்றைக்கே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆள் இருக்கிறாரா? பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் கொடுக்க, அந்த கேப்சூல் அங்கே இருக்கிறதா? தட்டணுக்கள் எந்த ரத்த வங்கியிலிருந்து வரும்?