நன்றாகத்தானே ஓடுகிறது!

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக அச்சு வேலை கொடுக்கும் டிடிபி கடையில் இரண்டு கணினிகள் உண்டு. முன்னால் இருப்பதில் விண்டோஸ் 10. மூலையில் இருப்பதில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் பேஜ்மேக்கர் 7, ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள், அந்த மென்பொருள் திறக்க வேண்டுமானால் பின்பக்கம் செருகியே இருக்க வேண்டிய தீப்பெட்டி அளவு டாங்கிள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கொடை விழா நோட்டீஸ் எல்லாம் இருபது வருடமாக அந்த மூலையில்தான் பிறக்கின்றன.

சென்ற முறை போனபோது முன் கணினியின் திரையில், விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11-க்கு மாறுங்கள் என்ற அறிவிப்பு வந்து நின்றது. கடைக்கார அண்ணாச்சி அதை ஒரு தட்டில் மூடிவிட்டு, “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” என்றார். கல்லூரியில் படிக்கும் அவருடைய தங்கை மகன், “மாமா, மாத்தலேன்னா வைரஸ் வந்துரும்” என்றான். ஃபிளெக்ஸ் அடிக்க வந்திருந்த ஒருவர், “நான் மாத்தி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் கை பழகல” என்றார்.

மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அண்ணாச்சி பேசியது இயந்திரத்தைப் பற்றி, பையன் பேசியது பாதுகாப்பைப் பற்றி, வாடிக்கையாளர் பேசியது கைப்பழக்கத்தைப் பற்றி. இயங்குதளம் மாற்றுவது குறித்த வாக்குவாதம் எங்கே நடந்தாலும் இப்படித்தான் இருக்கிறது. தனித்தனியான கேள்விகளை ஒரே மூட்டையில் கட்டிவைத்துக்கொண்டு, மாற்றலாமா வேண்டாமா என்று மோதுகிறோம். மூட்டையைக் கட்டிக் கொடுத்தது நிறுவனம். அவிழ்த்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

கணினிக்காரர்கள் அப்டேட், அப்கிரேட் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஓட்டு வீட்டில் மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் அப்டேட். மொத்தக் கூரையையும் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்டு, அதே கையோடு அடுப்படியையும் இடம் மாற்றினால் அப்கிரேட். மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஓடு மாற்றும். நம் ஊருக்கு அன்று இரவு வந்து சேரும். 2015 ஜூலை 29-இல் வெளியான விண்டோஸ் 10-க்குப் பத்தாண்டு இப்படி மாற்றிவந்தது. 2025 அக்டோபர் 14 அன்று, அதுவும் ஓர் இரண்டாம் செவ்வாய்தான், வீட்டிலும் கடையிலும் நாம் பயன்படுத்தும் பதிப்புகளுக்கு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. இனியும் அது தொடர வேண்டுமென்றால் 2021 அக்டோபர் 5-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்குக் குடிபோக வேண்டும். குடிபோகக் காசு கேட்கவில்லை. ஆனால் அடுப்படி இடம் மாறியிருக்கும்.

இங்கேதான் எனக்கு நிறுவனத்தோடு மனத்தாங்கல். ஓட்டை அடைப்பது அவசியம். அடுப்படியை மாற்றுவது அவர்கள் விருப்பம். இரண்டையும் சேர்த்துக் கட்டியதால், புதுத் தோற்றம் பிடிக்காதவர் பாதுகாப்பையும் சேர்த்தே மறுக்கிறார்.

ஆதரவு முடிந்த அன்று எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. மறுநாளும் பில் போட்டது, பிரிண்ட் எடுத்தது. அதுவரைக்கும் அண்ணாச்சி சொல்வது சரி. ஓடுகிறதா என்பதும் காவல் இருக்கிறதா என்பதும் வேறு வேறு. மென்பொருளில் ஓட்டை இருப்பது அதிசயமே இல்லை. கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட ஒன்றில் எங்கோ சில வரிகள் பிசகியிருக்கும். பிசகு தெரிந்ததும் அதை அடைக்கும் பேட்ச் வெளியாகிறது. பேட்ச் வெளியான அன்றே திருடர்களும் அதை இறக்கிக்கொள்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மாற்றிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். விண்டோஸ் 10-ம் 11-ம் உள்ளுக்குள் பெரும்பகுதி ஒரே நிரல். ஆகவே 11-க்கு வரும் பேட்ச்சைப் பார்த்தே, அடைபடாமல் கிடக்கும் 10-இல் எங்கே புகலாம் என்று கண்டுபிடித்துவிட முடியும். முதல் மாதம் ஆபத்து கொஞ்சமாகத்தான் இருக்கும். மாதம் ஏற ஏற அதுவும் ஏறும்.

2017-இல் வான்னாகிரை என்ற வைரஸ் உலகைச் சுற்றியது நினைவிருக்கலாம். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. வைரஸ் கிளம்பியது மே 12-இல். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோரின் மருத்துவ நேரம் ரத்தானது. ஆதரவு முடிந்து மூன்றாண்டு கடந்திருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாக ஒரு பேட்ச் கொடுத்தது. பழியும் எக்ஸ்பி தலையில்தான் விழுந்தது. ஆனால் பின்னர் பார்த்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போதும் பாதுகாப்பு ஆதரவில் இருந்தவை. பேட்ச் கைக்கு வந்தும் போட்டுக்கொள்ளாதவை. 11-க்கு மாறிவிட்டு, ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, மாறிவிடுவோம் என்று முடிவு செய்தாலும் எல்லாக் கணினிக்கும் கதவு திறப்பதில்லை. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பவை பெரிய தடை இல்லை. (4 ஜிபியில் ஏறும் என்பது வேறு, வேலை பார்க்கும் என்பது வேறு; 8 இல்லாமல் தொடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு மாறிவிட்டு 11 ஆமை என்று திட்டுகிறவர்கள், ஒரு எஸ்எஸ்டி போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.) தடை இரண்டு இடத்தில். ஒன்று டிபிஎம் 2.0. மதர்போர்டிலோ பிராசசருக்குள்ளோ இருக்கும் சின்னஞ்சிறு பெட்டகம் இது. டிஸ்க்கைப் பூட்டும் சாவி போன்றவற்றை, வைரஸ் எட்டாத இடத்தில் வைத்துக் காக்கிறது. இன்னொன்று பிராசசர். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. அது 2017-இன் பின்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஏழாம் தலைமுறை லேப்டாப் வாங்கியவர், வேகத்தில் ஒரு குறையும் இல்லாத இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் கணினி தகுதி பெறவில்லை என்ற செய்தியைப் படிக்கிறார்.

டிபிஎம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிராசசர் பட்டியல் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. மைக்ரோசாஃப்டே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 ஓர் ஏழாம் தலைமுறைக் கணினி. முதலில் வந்த பட்டியலில் அதற்கும் இடமில்லை. 2021 ஆகஸ்டில் திருத்தியபோது அதிலிருந்த பிராசசரையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளைக்கு வளையும் விதி ஊரார் பிள்ளைக்கும் கொஞ்சம் வளைந்திருக்கலாம். இந்த மாற்றத்தால் 24 கோடிக் கணினிகள் வரை குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. அப்படிப் போகிறவற்றில் பலவும் இன்னும் ஐந்தாண்டு உழைக்கக்கூடியவை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தகுதி இல்லை என்று வந்தாலே கணினியைத் தள்ளிவிட வேண்டாம். டிபிஎம் உள்ளே இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். கடையில் பொருத்தித் தரும் கணினிகளில் இது சாதாரணம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் எது குறைகிறது என்று தனித்தனியாகக் காட்டும். குறைவது டிபிஎம் மட்டும் என்றால் சர்வீஸ் பையனுக்கு ஐந்து நிமிட வேலை.

இனி கைப்பழக்கம். இதை இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. வயசாகிவிட்டது, அதனால்தான் புதுசு பிடிக்கவில்லை என்று. 1995 முதல் ஸ்டார்ட் பட்டன் இடது கீழ் மூலையில் இருந்தது. கண் போகாமலே கை அங்கே போகும். 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. டாஸ்க்பாரைத் திரையின் ஓரத்துக்கோ மேலேயோ நகர்த்தும் வசதி வெளியானபோது இல்லை. ரைட் கிளிக் செய்தால் வழக்கமாக வரும் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. மீதியைப் பார்க்க இன்னொரு கிளிக். நாளுக்கு இருநூறு முறை ரைட் கிளிக் செய்கிறவருக்கு அது இருநூறு கிளிக் கூடுதல். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டார்ட் பட்டனை டாஸ்க்பார் அமைப்பில் போய் மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்துவிடலாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் முழுசாக வரும். இந்த இரண்டைக் காட்டிக்கொடுத்தால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

மீதிப் பாதியை அடக்கவும் கூடாது. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. உலகமே முணுமுணுத்தது. மறு வருடம் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. 2024 மே மாதம் ரீகால் என்று ஒன்றை அறிவித்தார்கள். திரையில் தெரிவதை அடிக்கடி படம்பிடித்து வைத்துக்கொண்டு பிறகு தேட உதவுமாம். அந்தப் படங்களை எளிதாகத் திருட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்தே காட்டியதும் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2025 ஏப்ரலில், பயனர் தானே இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படி வந்தது. இரண்டு முறையும் நிறுவனத்தை இறங்கி வரவைத்தது முணுமுணுப்புதான். ரீகால் வரும் என்று பயந்தே பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கோபைலட் பிளஸ் என்று தனியாகப் பெயரிட்டு விற்கப்படும் புதுக் கணினிகளில்தான் அது ஓடும். உங்கள் ஆறு வருட லேப்டாப்புக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கணக்கு விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. வீட்டுப் பதிப்பு 11-ஐப் புதிதாக நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. என் கணினிக்குள் நுழைய எதற்கு இன்னொருவரின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து என்று கேட்டு, பத்திலேயே நிற்கிறார்கள் சிலர். பத்தில் நிற்பவர்களுக்காக அறிவித்த கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் தரும். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். அதில் சேரவும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், காசு கொடுத்தாலும்கூட! கணக்கே வேண்டாம் என்பவருக்கு இந்த வீட்டிலும் இடமில்லை.

அவருக்கும், பிராசசர் பழையது என்று தள்ளப்பட்டவருக்கும் லினக்ஸ் இருக்கிறது. கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாக அதில்தான் பாடம் நடத்துகின்றன. லினக்ஸ் மின்ட் பழைய லேப்டாப்பில் உற்சாகமாகவே ஓடும். யூனிகோடில் தமிழ் தட்டலாம், லிப்ரே ஆஃபிஸில் கடிதம் எழுதலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் கணக்குவழக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸை நம்பி இருக்கிற கடைக்காரரிடம் லினக்ஸைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாறத் தீர்மானித்தவர்களுக்கு. பத்திலிருந்து நேராக ஏறும்போது கோப்புகள் அப்படியே இருக்கும். அழிந்துவிடும் என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை. இருந்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் வந்த ஓர் அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டு, சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. மாறிய பிறகு 10 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் ஒரே பட்டனில் பத்துக்குத் திரும்பலாம்; அதன் பிறகு வழி அடைபட்டுவிடும். ஆகவே அந்தப் பத்து நாளில் பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் வேலை வாங்கிப் பாருங்கள். புதிதாக நிறுவிய 11 பெரும்பாலும் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்ளும். என்றாவது மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில்.

அண்ணாச்சியின் மூலைக் கணினி இந்தப் பேச்சு எதற்குள்ளும் வராது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால் அந்தக் காலத்து 16 பிட் மென்பொருள் எதுவும் அதில் திறக்காது. டாங்கிள் செருகும் 25 பின் பேரலல் போர்ட் புதுக் கணினிகளில் இல்லை. நெட் கேபிள் கழற்றிய எக்ஸ்பிக்குள் திருடன் வர ஒரே வழி பென் டிரைவ். அதையும் முன் கணினியில் ஸ்கேன் செய்த பிறகே மூலைக்குக் கொண்டுபோகும்படி சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

முன் கணினியில் பிசி ஹெல்த் செக் ஓட்டினோம். பிராசசர் எட்டாம் தலைமுறை, தேறியது. டிபிஎம் அணைந்திருந்தது; பையன் பயாஸுக்குள் போய்ப் போட்டுவிட்டான். “அப்போ இன்னைக்கே மாத்திரலாமா மாமா?” என்றான்.

“முகூர்த்தம் வரிசையா இருக்குடா. ஆடியில கல்யாணம் கிடையாது, ஆனா கொடை நோட்டீஸ் வந்துரும். புரட்டாசியில கடை காத்தாடும், அப்போ மாத்திக்கலாம்” என்றார் அண்ணாச்சி.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் 13 புரட்டாசிக்குள்தான் வருகிறது. அதுவரைக்கும் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட, பையன் மாமாவின் பெயரில் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று திறக்க உட்கார்ந்தான். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டான். கடையின் போன் நம்பரையே வைத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி.