2024ல் எனக்குப் பிடித்த ஆல்பங்கள் - வயதான குரல் ஸ்பெஷல்

டிசம்பர் வந்தால் எல்லாரும் டாப் டென் போட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. டிசம்பரில் ஹிட்டான பாட்டு பொங்கல் வரைக்கும் தாங்குமா என்று யாருக்குத் தெரியும்? அதனால் 2024ன் தமிழ் ஆல்பங்களை ஆற அமர, எல்லா சத்தமும் அடங்கிய பிறகு மறுபடி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். (ஆபீஸில் ஆணி அதிகம் என்பதும் ஒரு காரணம். ஹிஹி.)

முதலில் ஒரு விஷயம். ஊரில் இருப்பவர்களுக்குப் பாட்டு தானாக வந்து காதில் விழும். டீக்கடை, டவுன் பஸ், கல்யாண மண்டபம், காதுகுத்து வீட்டு ஸ்பீக்கர் என்று வேண்டாம் என்றாலும் விடாது. புனேயில் அப்படி இல்லை. நாமாகப் போட்டால்தான் வீட்டில் தமிழ்ப் பாட்டு. இல்லையென்றால் கீழே கேட்டில் செக்யூரிட்டி கேட்கும் மராத்திப் பாட்டும், பிள்ளைகள் ஸ்கூலில் பிடித்துக்கொண்டு வரும் இந்திப் பாட்டும்தான். டெல்லி, அகமதாபாத், ஹைதராபாத் எல்லா இடத்திலும் நம்ம மக்களுக்கு இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஆக, எதைப் போடுகிறோம் என்பது வெறும் ரசனை விஷயம் இல்லை. பிள்ளைகளின் காதில் தமிழ் எப்படி ஒலிக்கப் போகிறது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். ஒரு வருடத்து ஆல்பங்களை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ள இதுதான் காரணம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2024ல் என் முதல் இடம், யோசிக்காமல், 'மெய்யழகன்'. கோவிந்த் வசந்தா. செப்டம்பர் கடைசியில் வந்த படம். 'மெதுவா போகுது' என்று பேச்சு எழுந்து ரிலீஸுக்கு அப்புறம் சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். படம் மெதுவாகத்தான் போகும். 1996ல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறான். அவன் ஓடியா போவான்? தயங்கித் தயங்கித்தான் போவான். நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு கல்யாணத்துக்கு 'காலையில் வந்து மத்தியானம் கிளம்பிடலாம்' என்று டிக்கெட் போட்டிருக்கிறோம்!

அந்த ஆல்பத்தில் கமல் இரண்டு பாட்டு பாடியிருக்கிறார். அப்போது அவருக்கு எழுபதை எட்ட சில வாரம்தான் பாக்கி. குரலில் வயது அப்படியே தெரிகிறது. மேலே போகும் இடங்களில் குரல் கொஞ்சம் பிசிறுகிறது, வரி முடியும் இடத்தில் மூச்சு கேட்கிறது. வேறு யாராவது என்றால் இன்னொரு டேக் போகலாம் சார் என்றிருப்பார்கள், இல்லை கம்ப்யூட்டரில் போட்டு இஸ்திரி பண்ணியிருப்பார்கள். கோவிந்த் வசந்தா அதை அப்படியே விட்டிருக்கிறார். அந்தப் பிசிறு இல்லாவிட்டால் பாட்டே இல்லை. ஊருக்குத் திரும்புவதைப் பற்றிய பாட்டை வழவழப்பான இருபத்தைந்து வயதுக் குரலில் கேட்டால் நம்ப முடியுமா?

படத்தில் கார்த்தி, அரவிந்த்சாமியை வாய்க்கு வாய் 'அத்தான்' என்பார். எங்கள் வீட்டில் உடனே கேள்வி வந்தது: "அத்தான்னா அங்கிளா, பையாவா?" தங்கமணி அரை மணி நேரம் பேப்பரில் குடும்ப மரம் வரைந்து விளக்கினார். அத்தை பையன், மாமா பையன், அக்கா வீட்டுக்காரர் என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "எனக்கு எத்தனை அத்தான்?" என்று அடுத்த கேள்வி. எண்ணிப் பார்த்தோம். ஆறு பேர். அதில் இரண்டு பேரை அவள் பார்த்ததே இல்லை.

அடுத்தது 'விடுதலை' இரண்டாம் பாகம். டிசம்பர் 20ல் வந்தது, அதனால் பாதிப் பேரின் வருடக் கடைசி லிஸ்டில் ஏறவே இல்லை. இளையராஜாவுக்கு அப்போது வயது 81. அனன்யா பட்டோடு அவரே ஒரு பாட்டு பாடியிருக்கிறார். இன்னொன்றில் அதே அனன்யா பட்டோடு சஞ்சய் சுப்ரமணியன். கர்நாடக மேடையில் மூன்று மணி நேரம் ராஜ்ஜியம் பண்ணுகிற மனுஷன், இங்கே வித்தை எதுவும் காட்டாமல், வாய்க்குள் முணுமுணுப்பது மாதிரி பாடியிருக்கிறார். சஞ்சய்யைப் போட்டால் நாலு பிர்கா வாங்கிக்கொள்வோம் என்று யாருக்கும் ஆசை வரும். ராஜா வாங்கவில்லை. அதுதான் ராஜா.

ராஜாவின் குரல் எப்போதுமே 'நல்ல குரல்' இல்லை என்று ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது அது இன்னும் கரகரத்துவிட்டது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், 2024 தமிழ்ப் பாட்டுக்குக் கொடுத்த நல்ல விஷயமே இந்த வயதான குரல்கள்தான்.

இதைச் சொல்லிவிட்டு, அந்த வருடத்தின் கெட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படிங்க.

2024ல் மட்டும் மூன்று பெரிய படங்களில் இறந்துபோனவர்களின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் செய்து பாட வைத்தார்கள். 'லால் சலாம்' படத்தில் ரஹ்மான், பம்பா பாக்யாவையும் சாகுல் ஹமீதையும் கொண்டு வந்தார். 'கோட்' படத்தில் யுவன், விஜய்யோடு சேர்ந்து பாட பவதாரிணியைக் கொண்டு வந்தார். 'வேட்டையன்' படத்தில் அனிருத், மலேசியா வாசுதேவனை.

ரஹ்மான் முறையாகத்தான் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், சம்பளமும் கொடுத்தோம் என்று பொதுவில் சொன்னார். 'வேட்டையன்' பாட்டில் வாசுதேவனின் மகன் யுகேந்திரனே கூடப் பாடியிருக்கிறார். ஆகவே யாரும் திருடவில்லை. சட்டப்படி யாரும் வாய் திறக்க முடியாது. என் சிக்கல் அது இல்லை.

பாடகன் என்பவன் வெறும் குரல் மட்டுமா? சாகுல் ஹமீதை எடுத்துக்கொள்ளுங்கள். 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாத மாதிரி, கோரஸை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு பாடினாரே, 1993ல், அந்தப் பாட்டில் நம்மைக் கொன்றது அவர் குரலின் தடிமனா? இல்லை. எந்த எழுத்தில் நிற்பது, எதை விழுங்குவது, எங்கே உடைந்து போவது என்று அவர் அந்த நிமிடத்தில் எடுத்த முடிவுகள். இந்தத் தொழில்நுட்பத்தில் வழக்கமாக என்ன நடக்கிறது? உயிரோடு இருக்கும் ஒருவர் பாடுகிறார். அவர் பாடியதன் மேல் இறந்தவரின் குரலைப் போர்த்துகிறார்கள். முடிவுகள் எல்லாம் பாடிய ஆளுடையவை, மேலே தெரியும் தோல் மட்டும் இன்னொருவருடையது. அப்போது நாம் யாரைக் கேட்கிறோம்?

பம்பா பாக்யா விஷயம் இன்னும் வலிக்கிறது. 2018ல் 'சர்கார்', '2.0' வந்த பிறகுதான் ஊருக்கே அந்த அடிவயிற்றுக் குரல் யாருடையது என்று தெரிந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் பாடினார், 2022 செப்டம்பரில் அந்தப் படம் வருவதற்குள் போய்விட்டார். நாலு வருடம்தான் வெளிச்சம். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் கோரஸில் நின்றுகொண்டு பெயருக்காகக் காத்திருப்பார்கள்? அவர்களில் ஒருவருக்குப் போக வேண்டிய மைக் அது.

எங்கள் சொசைட்டி கணபதியில் அந்த 'வேட்டையன்' பாட்டுக்கு ஒரே ஆட்டம். பாட்டு வெளியானதே அந்தக் கணபதி வாரத்தில்தான். மலையாளிப் பிள்ளைகள், நம்ம பிள்ளைகள், மராத்திப் பிள்ளைகள் எல்லாரும் ஆடினார்கள். ஆட்டப் பாட்டாக நல்ல பாட்டு, அதை மறுக்கவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த மாமனார் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு வரி கேட்டுவிட்டு, "மாப்ளே, இது மலேசியா வாசுதேவன் மாதிரி இல்ல இருக்கு, அவர் போயி வருசம் ஆச்சே?" என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதான் பார்த்தேன், ஆளு மூச்சே வாங்கலையே" என்றார். 'முதல் மரியாதை' படத்தை மதுரையில் எத்தனையோ தடவை பார்த்தவர் அவர். வாசுதேவன் 2011ல் போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியும், எங்கே மூச்சு வாங்குவார் என்பதும் தெரியும்.

பவதாரிணி பாட்டில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. பெங்களூரில் அந்த மெட்டைப் போட்டபோது இது அக்காவுக்கான பாட்டு என்று தோன்றியதாகவும், கொஞ்ச நேரத்தில் மரணச் செய்தி வந்ததாகவும் யுவன் எழுதியிருந்தார். 2024 ஜனவரி 25. அதைப் படித்த பிறகு ஒரு தம்பியிடம் போய் தொழில்நுட்ப நியாயம் பேச எனக்கு மனசு வரவில்லை. அது துக்கம். துக்கம் எப்படி வேண்டுமானாலும் அழும். ஆனாலும் என் ஆல்பம் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன். பவதாரிணி வேண்டும் என்றால் எனக்கு 'பாரதி' இருக்கிறது. தேசிய விருது வாங்கிய அந்தக் குழந்தைக் குரலை அவரே பாடியிருக்கிறார், அவரே சம்மதித்திருக்கிறார்.

பழைய குரல் வேண்டும் என்றால் பழைய குரலையே போடலாமே! அதே செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' அதைத்தான் செய்தது. 1989ல் வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு, ராஜா போட்டது போட்டபடி. விஜயகாந்த் ரசிகராக வரும் தினேஷ் மட்டையோடு இறங்கும்போது அந்தப் பாட்டு ஒலிக்கிறது. விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். முப்பத்தைந்து வருடப் பழைய ரெக்கார்டிங், ஒரு மெருகும் ஏற்றாமல். தியேட்டரில் மனுஷனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்காக ஷான் ரோல்டனை மறந்துவிட வேண்டாம், பிரதீப் குமார் குரலில் வரும் அவருடைய பாட்டும் பிரமாதம். பழசு மேலே புதுசு ஏறி உட்காராமல், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மற்றவை, சட்டுசட்டென்று.

'வாழை' - சந்தோஷ் நாராயணன். வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகளின் கதை, மாரி செல்வராஜின் சொந்த பால்யம். தீ பாடிய பாட்டை முதல் தடவை கேட்கும்போது காரை ஓரங்கட்டினேன். மகள் பின் சீட்டிலிருந்து, "தார்னா ரோடு போடுறதாப்பா?" என்றாள். இங்கே வாழைப்பழம் டஜன் கணக்கில்தானே. சீப்பும் தெரியாது, தாரும் தெரியாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு முழுத் தாரைக் காட்ட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

'அமரன்' - ஜி.வி.பிரகாஷ். தீபாவளிக்கு ஒரே நாளில் இதுவும் 'லக்கி பாஸ்கர்'ரும், அதற்கு முன்னால் 'கேப்டன் மில்லர்', 'தங்கலான்'. 1993ல் 'ஜென்டில்மேன்'னில் ரயில் பாட்டைப் பாடிய பொடியன் இவ்வளவு தூரம் வந்துவிட்டான் பாருங்கள். ஹரிசரணும் ஸ்வேதா மோகனும் பாடிய காதல் பாட்டு எங்கள் வீட்டு அடுப்படியில் மாசக்கணக்கில் ஓடியது. அதே ஸ்வேதா மோகன், அதே வருடம், 'ராயன்' படத்தில் சந்தோஷ் நாராயணனோடு சேர்ந்து கானா பாடியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னால் தங்கமணி நம்பவில்லை. இதுதான் சார் பாடகி என்பது. எந்த மெஷினில் போட்டு இதைச் செய்வீர்கள்? 'ராயன்' ஆல்பமும் மோசமில்லை. ரஹ்மான் ரொம்ப நாள் கழித்து ஜாலியாக இருந்த மாதிரி தெரிந்தது.

சினிமா இல்லாத பாட்டில் சாய் அபயங்கர். திப்பு - ஹரிணி பையன். சகோதரி சாய் ஸ்மிரிதியோடு அவர் போட்ட பாட்டு, தமிழே தெரியாத பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள் வாயிலும் வந்தது. ஒரே ஒரு பாட்டு ஆல்பம் ஆகுமா என்று சண்டைக்கு வராதீர்கள்.

'இந்தியன் 2' பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. 'கங்குவா'வுக்குத் தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் சத்தத்தை இரண்டு புள்ளி குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டார், அதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுதுவது.

டிஸ்கி: இது முழுக்க என் லிஸ்ட். தங்கமணியின் முதல் இடம் 'அமரன்'. மகளின் முதல் இடம் சாய் அபயங்கர். மாமனாரைப் போனில் கேட்டேன். "2024ல பாட்டு வந்துச்சா?" என்றார். அவருக்கு 'விடுதலை' பாட்டு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.