எடுபிடி கையில் கல்லாச் சாவி!

கடைக்கு இரும்பு ஷட்டர் உண்டு. இரண்டு பூட்டும் உண்டு. ஆனால், கல்லாச் சாவி எடுபிடி கையில்! யார் எதை நீட்டினாலும், "முதலாளி சாமான்" என்று உள்ளே வைத்துவிடுகிறான். திருட்டுப் போனால் ஆச்சரியம் உண்டா?

2021-ம் ஆண்டில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வெளிப்பட்ட ஓட்டை இப்படிப்பட்டதுதான்.

விண்டோசில் "ஸ்பூலர்" என்று ஒரு புரோகிராம். பிரிண்ட் எடுக்க வேண்டியவைகளை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்பும். வேலை சின்னது, அதிகாரமோ பெரியது. கம்ப்யூட்டரில் எதையும் செய்யும் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது.

"இது பிரிண்டரை இயக்கும் டிரைவர்" என்று சாதாரண ஊழியர் கள்ள பைல் ஒன்றை நீட்டினாலும், ஸ்பூலர் வாங்கிக்கொண்டது. தன் அதிகாரத்திலேயே அதை ஓடவும் விட்டது. குமாஸ்தாவின் பாஸ்வேர்டு போதும். கம்ப்யூட்டருக்கே முதலாளி ஆகிவிடலாம்!

மைக்ரோசாப்ட் கம்பெனி ஜூன் 8-ந் தேதி திருத்தம் வெளியிட்டது. உள்ளே இருக்கும் ஆள்தான் செய்ய முடியும் என்று முதலில் சொன்னார்கள். நெட்வொர்க் வழியாகவும் நுழையலாம் என்று அதே மாதம் தெரிந்தது. ஜூலை 6-ந் தேதி அவசரத் திருத்தம் வந்தது. கைவிடப்பட்ட விண்டோஸ் 7-க்கும் கொடுத்தார்கள் என்றால், ஆபத்தைப் புரிந்துகொள்ளலாம். பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்களும் இந்த ஓட்டையில் கை வைத்தன.

டிரைவர் ஏற்ற நிர்வாகி அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகஸ்டு 10-ந் தேதிதான் வந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டாமா?

கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. "அப்டேட்" என்று வந்தால், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளுகிறவர்கள் நாம்தானே? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. எத்தனை கடைகளில் அது தெரியும்?

செய்ய வேண்டியது மூன்றே. அப்டேட்டைத் தள்ளாதீர்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். பிரிண்ட் எடுக்காத கம்ப்யூட்டரில் ஸ்பூலரை நிறுத்திவிடுங்கள்.

நாளைக்கே கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பில் கணக்கு, சம்பளப் பட்டியல், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் ஆதார் நகல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது!