கை தட்டினது காணும்

1990 எண்டால் மயிலிட்டிப் பெரியாக்களுக்கு ஒரே ஞாபகம்தான்: அந்த வருசம் ஆனியில் ஊரை விட்டு ஓடினது. முகாமிலும் வாடகை வீட்டிலும் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது அம்புலன்ஸ் நம்பரும்கூட. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' சேவை 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது. எங்கட மீன்பிடித் துறைமுகம் விடுபட்டு அப்போது ஒரு வருசம்தான் ஆகியிருந்தது.

கொரோனா காலத்தில் அந்த வண்டியில் வந்து இறங்கினவை அனேகம் எங்கட வயசுக்காரர். கொதிக்கிற வெயிலில் பிளாஸ்டிக் உடுப்பு. மூச்சுத் திணறுகிற மனிசருக்கு முகத்தைக் காட்டக்கூட முடியாது. உறவுகளைப் படலையோடு நிப்பாட்டிவிட்டு ஆளை ஏத்தவேணும். 2021 ஆவணியில் நாட்டில் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்த கிழமைகளில், அப்படி ஏத்தினவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவினம் எண்டு தெரியாமலே அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் என்ன செய்தம்? முகநூலில் 'வீரர்கள்' எண்டு படம் போட்டம். லண்டனில் எங்கட சொந்தங்கள் வியாழக்கிழமைகளில் வாசலில் நின்று கை தட்டினார்கள். ஆனால் அந்த உடுப்போடு ஆரும் ஒழுங்கைக்குள் வந்தால் யன்னலைச் சாத்தினதும் நாங்கள்தான். இத்தனைக்கும் ஒரு காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியை வைத்திருந்த ஊர் இது.

'வீரர்' எண்டது பாராட்டு இல்லை, வாய்ப்பூட்டு. வீரன் எண்டு பேர் வாங்கினவன் "எனக்கு நித்திரை வருகுதில்லை" எண்டு சொல்லலாமோ? நியூயோர்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்திய மருத்துவர் லோர்னா பிரீன் 2020 சித்திரையில் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் தொழில் போய்விடும் எண்டு அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அதன் பிறகு, 2022 இல், மருத்துவப் பணியாளரின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒரு சாவு வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கவேணுமோ?

எங்களுக்கு இது புதுசும் இல்லை. 1987 ஒக்ரோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் எண்டு பலர் செத்தார்கள். வருசாவருசம் விளக்கு ஏத்துகிறம், ஏத்தவும் வேணும். ஆனால் அண்டைக்குத் தப்பி, பிறகும் அதே வார்டுகளில் வேலை செய்தவர்களிடம் "நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" எண்டு இந்தச் சமூகம் எத்தனை தரம் கேட்டது? செத்தவருக்கு மாலை, இருக்கிறவருக்கு மௌனம். அந்தப் பழக்கத்தைத்தான் கொரோனாவிலும் தொடர்ந்தம்.

மனநல உதவிக்கு 1926 எண்டொரு நம்பர் இருக்கு. அதை நடத்துவது அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனம். 'அங்கொடை' எண்ட ஊர்ப்பெயரையே நாங்கள் பகிடிக்கும் வசவுக்கும் பாவிக்கிறம். பிறகு எந்தப் பெடியன் அந்த நம்பரை அமத்துவான்?

'நீங்களாக வந்து கேளுங்கோ' எண்டு காத்திருக்கிற உதவி உதவியே இல்லை. நாங்கள் கேக்கிறது மூண்டுதான். ஒரு கடுமையான சாவைப் பார்த்து வந்த பிறகு, அடுத்த அழைப்புக்கு முதல், சம்பளத்தோடு ஓய்வு. வேலை நேரத்துக்குள்ளேயே, தமிழில், மேலதிகாரி காதுக்குப் போகாத உளவளத்துணை. அதை நாடினவரின் பதவி உயர்வில் கை வைக்கமாட்டம் எண்டு எழுத்தில் ஒரு உறுதி.

நாலாவது எங்களுக்கு. அடுத்த தொற்று வரும். அப்ப 1990 க்கு அடிச்சுவிட்டு யன்னலைச் சாத்தாமல், வந்தவரிடம் "தண்ணி குடிச்சியளோ, தம்பி?" எண்டாவது கேப்பம். படலையடியில் ஒரு போத்தல் தண்ணியாவது வைப்பம்.