சரீர பலத்துக்குச் சந்தா எதற்கு?

கோலசிலாங்கூரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம்மவர்க்கு உடற்பயிற்சிக்கூடம் எட்டாதிருப்பதே நீரிழிவும் பருமனும் பெருகக் காரணம் என்ற நண்பரின் வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்றும், இந்தியரிடையே அது மற்றவரினும் மிகுதியென்றும் கண்டது மெய்யே. ஆனால், கூடங்கள் மலிந்த நகரங்களில் வாழும் நம்மவரை அந்நோய் விட்டுவைத்திருக்கிறதா?

1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமரத்தில் எழுந்த இந்த வட்டாரத்தில், குலை சுமந்தும் பால்மரம் வெட்டியும் தேய்ந்த நம் முன்னோரின் உழைப்பைத் தேகப்பயிற்சியென்று புகழ எனக்கு மனம் வராது. அது அற்பக் கூலிக்கு உடலை உருக்கிய கொடுமை. இன்று நமக்கு வேண்டியதோ அளவான அசைவு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடலியக்கமும், இரு தினங்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் போதுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கூடத்துக்குப் போயாக வேண்டுமென்று அது கூறவில்லை. மெலாவாத்தி குன்றில் விரைந்து ஏறுவதும், வீட்டு வாசலில் தண்டாலும் பஸ்கியும் எடுப்பதும், மாலையில் திடலில் பந்து உதைப்பதும் இந்தப் பிரமாணத்தைத் தாராளமாக நிறைவேற்றும். கெட்டிப்பால் கலந்த தேநீரைக் குறைப்பதற்கும் எந்தக் கூடமும் தேவையில்லை.

நண்பரே, கூடத்துக்கு மானியம் கேட்பதை விடுத்து, எஞ்சியுள்ள தோட்டத் திடல்களைக் காத்து விளக்கேற்றித் தருமாறு நகராண்மைக் கழகத்திடம் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.